ஒரே அம்பு

என் மகளுக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டிலிருந்த கோழித் துண்டை விரலால் ஓரம் தள்ளிவிட்டு, இனிமேல் கறி சாப்பிடப் போவதில்லை என்றாள். பள்ளியில் கோழிப் பண்ணைகளைப் பற்றி ஒரு வீடியோ போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

"சாப்பிடறது தப்புன்னு சொல்லலப்பா. ஆனா நீங்க யாரும் அதைப் பாக்கறதே இல்ல. ட்ரேல வருது, சாப்பிடறீங்க. நீங்களே கொல்லணும்னா சாப்பிடுவீங்களா?"

என் மனைவிக்கு உள்ளூரச் சந்தோஷம். புரட்டாசி பிறந்தால் ஒரு மாதம் கறி, மீன், முட்டை எதையும் வீட்டுக்குள் விடாத குடும்பத்தில் வளர்ந்தவள். மகள் பன்னிரண்டு மாதமும் புரட்டாசி என்றால் தனக்கு வேலை மிச்சம் என்று சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. நான் மென்பொருள் சோதிப்பவன். அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னிடமே ஒரு ஓட்டையைக் காட்டிவிட்டுச் சின்னப் பெண் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

"கொல்லுவேன். ஏன் மாட்டேன்?" என்று வாயை விட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காட்டுல ஃப்ரீயா இருக்கறதை, சஃபர் பண்ண விடாம கொன்னீங்கன்னா, அதை நான் சாப்பிடுவேன். பிராமிஸ்."

இப்படித்தான் நாற்பத்து மூன்று வயதில் நான் வேட்டைக்காரனாகப் புறப்பட்டேன். துப்பாக்கி வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாக மனைவி சொல்லிவிட்டாள். வில் என்றதும் கொஞ்சம் யோசித்தாள். "வில்லுன்னா பரவால்ல. சாமிங்க கையிலயே இருக்கே" என்றாள்.

கற்றுக்கொள்ள யாரிடம் போவது? இந்த வெளிநாட்டில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கணினிக்காரர்கள், நர்சுகள், வார இறுதியில் பிறந்தநாள் விழாவுக்கு ஹால் தேடுகிறவர்கள். அவர்கள் வாழ்நாளில் வேட்டையாடியது ஸ்பிரிங்வேல் கடைவீதியில் சனிக்கிழமை கார் நிறுத்த ஓர் இடம் மட்டும்தான். ஊரில் என் அப்பா அஞ்சலகத்தில் இருந்தார். எலிப்பொறியில் மாட்டிய எலியைக்கூட எதிர்த்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அப்புறப்படுத்தச் சொல்லுவார். ஆகவே எனக்கு யூடியூப்தான் குரு. ட்ருகனினாவில் எங்கள் வீட்டு கராஜில், காரை வெளியே நிறுத்திவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று வெறும் வில்லை இழுத்துப் பழகினேன். முதல் இரண்டு மாதம் இழுக்கவே முடியவில்லை. பிறகு இழுக்க முடிந்தது, விட்டபோது நாண் முன்கையில் அடித்துக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிற்று. இங்கே ஜூலை குளிர்காலம், அலுவலகத்தில் முழுக்கைச் சட்டை போட யாரும் காரணம் கேட்கவில்லை, அது மட்டும் நல்லதாயிற்று.

அரைமணி தூரத்தில் ஒரு வில்வித்தைச் சங்கம் இருந்தது. ரப்பர் பஞ்சில் செய்த மான்களை மரங்களுக்கு நடுவே நிறுத்தி வைத்திருப்பார்கள். அங்கே வருகிறவர்கள் எல்லாம் அப்பாவும் மகனுமாக, மாமனும் மச்சானுமாக வருவார்கள். மரியாதையாகப் பேசுவார்கள். காட்டுக்கு யாருடன் போவாய் என்று ஒருவர் கேட்டார். நண்பர்கள் இருக்கிறார்கள் என்றேன். தனியாளாக நிற்பது அவமானமாக இருந்தது, அதனால் சொன்னேன். அந்தப் பொய்யை அன்றைக்குப் பொய்யாகவே நான் எண்ணவில்லை.

சங்கம் கூடுவது சனிக்கிழமை காலையில். மகளுக்குத் தமிழ் வகுப்பும் அதே நேரம்தான். மனைவிக்கு மருத்துவமனையில் சனிக்கிழமை வேலை. கொண்டுபோய் விடுகிறவன் நான். மூன்று வாரம் அவளை வகுப்பில் இறக்கிவிட்டு அவசரமாக ஓடினேன். நான்காம் வாரம், "போகாட்டி பரவால்லப்பா, எனக்கும் போர் அடிக்குது" என்றாள். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவளுக்குத் தமிழ் பேசத் தெரியும், கேட்டால் புரியும், எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படிப்பாள். அவளுடைய தமிழ் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஒன்றரை வருடத்தில் முப்பது மீட்டரில் பஞ்சு மானின் நெஞ்சில் ஆறில் ஐந்து அம்புகளை இறக்கினேன். உரிமம் வாங்கினேன். முப்பது மீட்டருக்கு மேல் ஒருபோதும் விடமாட்டேன் என்று மகளிடம் சத்தியம் செய்தேன். இங்கே மலைக்காடுகளில் திரிவது நம் ஊர்க் கடமான்தான். எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்களைப் போல விசாவுக்கு அலையாமல் அதுபாட்டுக்குப் பெருகிவிட்டது. இரண்டு முறை போனேன். குளம்புத் தடமும் புழுக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதற்குள் ஆவணி முடியப் போனது. "புரட்டாசி பொறந்துட்டா வீட்டுக்குள்ள கறி வரக்கூடாது. சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. மகளோ குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காலண்டரில், ஆவணியின் கடைசிச் சனிக்கிழமைக் கட்டத்துக்குள், பென்சிலால் ஒரு மான் தலை வரைந்து வைத்திருந்தாள். அடுத்த மாதம் போகலாம் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் எதுவும் குடிமுழுகிப் போயிருக்காது. நான் சொல்லவில்லை. காலையில் காபி போட வரும்போதெல்லாம் அந்த மான் தலை என்னைப் பார்த்தது.

அந்தச் சனிக்கிழமை, காட்டில் பத்து மணிக்கு, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கடமான் நின்றுகொண்டிருந்தது. என்னிடம் தூரம் அளக்கும் கருவி இருந்தது. ஐம்பத்து இரண்டு மீட்டர் என்று காட்டியது. கருவி தவறாகக் காட்டியிருக்கும், நடுவில் செடி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு பையன் இப்படிச் சமாதானம் சொன்னால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இழுத்தேன். விட்டேன். அம்பு போய்ச் சேர்வதற்குள் அது ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது.

நெஞ்சில் படவில்லை. வயிற்றில் பட்டது. அது ஓடவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்துபோய்ப் பெரணிச் செடிகளுக்குள் படுத்தது. என் அம்பின் ஆரஞ்சு நிற இறகு செடிக்கு மேல் அசைந்துகொண்டிருந்தது.

வயிற்றில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அசையாமல் உட்கார வேண்டும். மணிக்கணக்காக உட்கார வேண்டும். துரத்தாவிட்டால் அது படுத்த இடத்திலேயே அடங்கிவிடும். இந்தப் பாடத்தை இரண்டு முறை பார்த்து, குறிப்பும் எடுத்து வைத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் இருந்து, "உக்காருடா" என்று தோளை அழுத்தியிருந்தால் உட்கார்ந்திருப்பேன். யாரும் இல்லை. நான் ஓடையைத் தாண்டி அதை நோக்கி ஓடினேன். அது எழுந்தது, என்னைப் பார்த்தது, பள்ளத்துக்குள் பாய்ந்து மறைந்தது.

இலைகளில் கறுத்த ரத்தம், அதோடு பச்சையாக ஏதோ கலந்திருந்தது. நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மாலை வரைக்கும் தேடினேன் என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நாற்பது நிமிடம்தான் தேடினேன். திரும்பும்போது மணி பதினொன்று. ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் இருந்திருக்கும்.

மழை என்று சொல்லலாம். அட்டைக்கடி, சிக்னல் இல்லாத போன், வழி தவறிவிடும் என்ற பயம், எல்லாம் சொல்லலாம். எல்லாமே இருந்தது. ஆனால் நான் பயந்தது கிடைக்காமல் போவதற்கு அல்ல. உயிரோடு கிடைத்துவிடுமோ என்றுதான் பயந்தேன். கிடைத்தால் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு கத்தியால் முடித்து வைக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் அந்தப் பள்ளத்தில் படுத்திருந்தது. நான் முதுகைக் காட்டிவிட்டுக் காருக்கு நடந்தேன்.

திரும்பும் வழியில் ஸ்பிரிங்வேல் வருகிறது. கார் தானாக அங்கே திரும்பியது என்று எழுத ஆசைதான். நான்தான் திருப்பினேன். ஒரு கறிக்கடையில் மான் இறைச்சி இருக்கிறதா என்று கேட்டேன். கடையில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான் இருக்கும்.

"ஓம், இருக்கு அண்ணை. பண்ணை மான். கறிக்கோ, பொரிக்கவோ? வெட்டித் தாறன்" என்று மெஷினைப் போடப் போனார்.

"மெஷின் வேணாங்க. கத்தியாலயே பெரிய துண்டா வெட்டிக் கொடுங்க" என்றேன். எலும்பு இயந்திரத்தில் வழவழவென்று அறுந்திருந்தால் மகள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அந்த நேரத்திலும் என் மூளை வேலை செய்தது.

அவர் என் சேறு அப்பிய பூட்ஸைப் பார்த்தார். பச்சையும் பழுப்புமான வேட்டைச் சட்டையைப் பார்த்தார். சிரிக்காமல் கத்தியை எடுத்தார்.

"உங்களைப் போல கனபேர் வாறவை அண்ணை" என்றார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, கடைப் பையையும் விலைச்சீட்டையும் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கறியைச் சாதாரணப் பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றினேன்.

மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பரீட்சை முடிவைத் திறக்கும்போது இருக்குமே, அந்த முகம்.

"சஃபர் பண்ணிச்சாப்பா?"

"இல்லம்மா. ஒரே அம்பு. நின்ன இடத்துலயே விழுந்திருச்சு."

"எவ்ளோ தூரம்?"

"இருபத்தஞ்சு மீட்டர்."

என் மனைவி மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்தாள். மகள் தட்டின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தாள். உதடு அசைந்தது. மானிடம் ஏதோ சொல்கிறாள் என்று புரிந்தது. பிறகு இரண்டு துண்டு சாப்பிட்டாள். மெல்லும்போது கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொண்டே மென்றாள். எழுந்து வந்து என் தோளில் தலையை வைத்தாள். அவள் எதை வெறுத்தாளோ, எந்தக் கம்பி வேலிக்குள் வளர்ந்ததைத் தொடமாட்டேன் என்றாளோ, அதையே அவள் வாயில் ஊட்டிவிட்டு, அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அடுத்த மாதம் பள்ளியில் பேச்சுப் போட்டி. அவள் என்னைப் பற்றிப் பேசினாள். தான் சாப்பிடுவதன் கண்ணைப் பார்க்கத் தைரியம் உள்ள ஒரே மனிதரைத் தனக்குத் தெரியும், அவர் தன் அப்பா என்று ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டாம் பரிசு. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெற்றோர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்று அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் கூசுகிறது.

வில்லை நான் பிறகு தொடவில்லை. தோள்பட்டை போய்விட்டது என்று சொன்னேன். அதையும் நம்பினாள். அப்பா வேட்டையாடினால் சாப்பிடுவேன், மற்றபடி தொடமாட்டேன் என்பதில் இன்றைக்கும் உறுதியாக இருக்கிறாள். இந்த ஆறு வருடத்தில் அவள் வயிற்றுக்குள் போன இறைச்சி அந்த இரண்டு துண்டுதான்.

இப்போது கிளேட்டனில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறாள். காட்டு விலங்குகளைப் பற்றிய படிப்பு. எதனால் இந்தப் படிப்பு என்று நேர்முகத்தில் கேட்டார்களாம். என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

இதை நான் தமிழில் எழுத உட்கார்ந்ததற்கு மொழிப்பற்று காரணம் இல்லை. அவளால் இதைத் தானாகப் படித்து முடிக்க முடியாது என்பதுதான் காரணம். அவளைப் படிக்க முடியாதவளாக ஆக்கியதும் அந்தச் சனிக்கிழமைகள்தான். ஒளிந்துகொள்ள ஓர் இடம் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கட்டி வைத்ததைப் போல ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவள், நான் டீ போட எழுந்த நேரத்தில் கணினித் திரையைப் பார்த்துவிட்டாள். விரல் வைத்துக் கூட்டினாள். "ஒ… ரே… அம்… பு. அப்பா! அந்த மானா? படிச்சுக் காட்டுங்க." சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசித்துக் காட்டினேன். கோழித் துண்டுக்குச் சிரித்தாள். சாமி கையில் வில் என்ற இடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள். தமிழ் வகுப்பு வந்தபோது, "அது உங்க தப்பு இல்லப்பா" என்றாள். கருவி ஐம்பத்து இரண்டு என்று காட்டுகிற வரி வந்தது. அந்த வரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"அவ்ளோதாம்மா. மிச்சம் இன்னும் எழுதல."

அது பொய். எழுதி முடித்திருந்தேன், திரையில் கீழே இருந்தது, கையால் மேலே தள்ளியிருந்தால் வந்திருக்கும்.

"சரி, அடுத்த சனிக்கிழமை வர்றேன். முடிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று வெள்ளிக்கிழமை. முடித்து வைத்துவிட்டேன். நாளைக்கு நான் வாசிக்கக் கேட்டால் அவளுக்கு எல்லாம் புரியும்.