யாருடா கோல்ல?

மேட்ச் நாளன்று விடிவதற்குள்ளேயே எங்கள் வீடு நீலகிரித் தைலம் நாறும். சித்தப்பா தொடையிலிருந்து கணுக்கால் வரை அதைத் தேய்த்துக்கொண்டு கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார். அவரைத் தாண்டித்தான் சமையலறைக்கும் போக வேண்டும், குழாயடிக்கும் போக வேண்டும். அம்மா காப்பியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, "சட்னியிலகூட தைலம் வாசனை அடிக்குது, ஜெயிச்சிட்டாவது வாப்பா" என்பாள். ஜோகுபாளையத்தில் ஒரு கூடமும் ஓர் அறையும் மட்டும் இருந்த வீடு அது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பா, அவ்வளவுதான் நாங்கள்.

சிட்டிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் வாங்கி அவர் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கோல் காத்தார் என்பதுதான் உண்மை. சின்ன வயதிலிருந்தே எந்தச் சுவர் கிடைத்தாலும் தொற்றிக்கொண்டு ஏறுவாராம், அதனால் தெருவில் அவருக்குப் பெயர் "பல்லி". சொந்தப் பெயரைச் சொல்லி வந்து கேட்டால் தபால்காரருக்கே வீடு தெரியாது.

கல்லூரிகளுக்குள் ஃபுட்பால் போட்டி என்றால் எங்கள் தெருவே கிளம்பும், பெண்களும் கூடத்தான். முன்னால் பறை மாதிரி இரண்டு "தமட்டை" அடித்துக்கொண்டு போக, பின்னால் நாங்கள், மடியில் வேகவைத்த "கடலைக்காய்". அல்சூர் வழியாக நடந்தே ஸ்டேடியம் போய் வெயில் விழுகிற பக்கத்து சிமெண்ட் படிகளில் உட்காருவோம். எதிரே நிழல் பக்கம் கல்லூரிப் பையன்களுடையது. கன்னடக்காரப் பையன்கள், சட்டையை பேண்டுக்குள் சொருகியவர்கள், பாதி இங்கிலீஷில் கத்துவார்கள். நாங்கள் முழுக்கத் தமிழில் கத்துவோம். இரண்டு பக்கமும் ஒரே டீமுக்குத்தான் கத்தினோம் என்றாலும் நடுவில் ஒரு மைதானம் கிடந்தது.

ஆட்டம் தொடங்குமுன் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அப்பா எழுந்து மேல்படியில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "யாருடா கோல்ல?" என்று கேட்பார். அவருக்கு ஃபேக்டரி மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. "பல்லி!" என்று தெரு மொத்தமும் பதில் சொல்லும். இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை சித்தப்பா இரண்டு கம்பத்தையும் தட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் அவர் பந்தையே தொடுவார். அது சாமி சமாச்சாரம் இல்லை. அண்ணன் கூப்பிட்டான், தம்பி வந்தேன் என்றான், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில், ஆற்றுத் தண்ணீர்த் தகராறில் தமிழர்களை அடித்த "காவேரி கலாட்டா" வந்தது. தமிழ்நாட்டில் கலாட்டா என்றால் கல்யாண வீட்டுக் கேலி. எங்களுக்கு அது கல்லும் நெருப்பும். எங்கள் தெருவுக்குள் யாரும் வரவில்லை. ஆனால் அப்பா போன பஸ்ஸை வழியில் மறித்து, ஒவ்வொருவரையும் பேசச் சொல்லி, தமிழ் வாடை அடிக்கிறதா என்று பார்த்தார்கள். அப்பாவின் கன்னடம் சுத்தமானது, தப்பித்தார். பக்கத்து சீட்டில் இருந்தவர் மண்டையில் தையலோடு வீடு போனார். கலாட்டா சில நாளில் அடங்கிவிட்டது. அப்பா அடங்கிய அடங்கல் மட்டும் மாறவில்லை. வெளியில் தமிழ் பேசக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு போட்டார். கடையில் அம்மா விரலைக் காட்டி சாமான் வாங்கினாள். பஸ்ஸில் நான் வாயைத் திறந்தால் தொடையில் கிள்ளு விழும்.

அடுத்த பிப்ரவரியில் சித்தப்பாவின் கல்லூரி ஃபைனலுக்கு வந்தது. அவருக்கு அது கடைசி வருஷம். கம்பெனி டீம் ஒன்றுக்கு ஆள் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு, நன்றாகப் பிடித்தால் வேலை நிச்சயம். முதல் நாளே தெருப் பெரியவர்கள் கூடி முடிவு செய்துவிட்டார்கள். போகலாம், தமட்டை வேண்டாம், யாரும் வாயைத் திறக்க வேண்டாம், கை தட்டினால் போதும்.

காலையில் தைலம் தேய்த்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்.

"அண்ணா, நீ கூப்புடுவ இல்ல?"

அப்பா ஷேவிங் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

"நீ கூப்புடலன்னா எனக்குக் கை காலு ஓடாதுண்ணா."

"பந்து தமிழ்லயாடா வருது? வர்றத புடி" என்றார் அப்பா. அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஊரெல்லாம் கேக்குற வாயி, இன்னிக்கு மட்டும் எங்க போச்சாம்?" என்று தோசைக் கரண்டியைத் தட்டின் மேல் போட்டாள்.

ஸ்டேடியத்தில் எங்கள் பக்கம் சாவு வீட்டு வாசல் போல இருந்தது. அத்தனை பேரும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா கோலுக்குள் போய் நின்று எங்கள் பக்கம் பார்த்தார். அப்பா கீழே சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெஃப்ரி வாட்ச்சைப் பார்த்தார். சித்தப்பா கம்பத்தைத் தட்டவில்லை. பிச்சை கேட்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார், அந்த நிற்றலை இன்றைக்கும் என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது.

"யாருடா கோல்ல?"

ஒரு கன்னடப் பையனின் குரல். எங்கள் தமிழ், அவன் நாக்கில் வேறு மாதிரி புரண்டு வந்தது. "பல்லி!" என்று அந்தப் பக்கம் முழுவதும் பதில் சொன்னது. எத்தனை மேட்ச் கேட்டிருப்பார்கள், மனப்பாடமாகியிருக்கிறது. மூன்று தடவையும் சரியாகக் கேட்டார்கள். சித்தப்பா மெதுவாகக் கம்பங்களைத் தட்டி, அந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். பிறகு எங்களைப் பார்த்தார். அப்பா கை தட்டினார்.

"அவங்க கூப்புடுறாங்க, நீங்க கை தட்டுறீங்க" என்றாள் அம்மா. அதையும் அப்பாவின் காதுக்குள்தான் சொன்னாள்.

ஒரு கோலில் ஜெயித்தோம். கடைசியில் வந்த ஓர் அடியைச் சித்தப்பா பக்கவாட்டில் பாய்ந்து விரல்நுனியால் தள்ளிவிட்டதால் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் நேராக எங்கள் கம்பி வேலிக்கு வந்தார். முழங்கையில் ரத்தம், முகத்தில் சிரிப்பே இல்லை.

"ஏண்ணா?"

"நாளைக்கு நான் பஸ் ஏறணும்டா. உங்க அண்ணி கடைக்குப் போவணும். இவ ஸ்கூலுக்குப் போவணும்."

"அவனுங்க கூப்புட்டானுங்களே?"

"அவனுங்க கூப்புடலாம்" என்றார் அப்பா.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் "ஆஹா, என்ன ஒற்றுமை" என்று கண் கலங்குகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பையன்கள் நல்லவர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்கள் கூப்பிடாமல் போயிருந்தால் சித்தப்பா அந்த அடியைத் தடுத்திருக்க மாட்டார், வேலையும் கிடைத்திருக்காது. ஆனால் எங்கள் வார்த்தையை அவர்கள் தைரியமாகக் கத்தலாம், நாங்கள் கத்த முடியாது. இதற்குப் பெயர் ஒற்றுமை இல்லை. நல்லவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். நல்லவர்கள் இருந்தும் நாங்கள் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம்.

சித்தப்பா கம்பெனி டீமுக்குப் பல வருஷம் ஆடினார். தெரு மறுபடி போகத் தொடங்கியது, தமட்டைகூடத் திரும்பி வந்தது. அந்தக் கூப்பாடு மட்டும் வரவில்லை. இனிமேல் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாயை மூடச் சொன்ன பெரியவர்கள் திறக்கச் சொல்ல மறந்துவிட்டார்கள், நாங்களும் கேட்கவில்லை. சித்தப்பா அதற்குப் பிறகு ஆட்டம் தொடங்கும்போது எந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு மேட்ச்சுக்குப் போனேன். இப்போது மைக்கில் ஒருவர் பெயர்களை வாசிக்கிறார், நம்பரோடு, முழுப் பெயராக. பட்டப்பெயர் எதுவும் இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவரும் இல்லை, பாதிப் பேர் வீட்டை விற்றுவிட்டு ஓசூர் ரோடு தாண்டிப் போய்விட்டார்கள். எங்களுக்கு முன் வரிசையில் ஐடி கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பையன், பேச்சைக் கேட்டால் சேலம் பக்கம் போலிருந்தது. ஃபோனில் யாருடனோ உரக்கத் தமிழில் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா முன்னால் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவா பேசு."

அவன் திரும்பினான். முகத்தில் கோபமோ பயமோ இல்லை, நிஜமாகவே புரியவில்லை. "ஏன் அங்கிள்?" என்றான்.

அப்பா சுற்றிலும் பார்த்தார்.

"அவன் பேசட்டும், விடுங்கப்பா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.