பிரித்துப் பார்க்காத பச்சைக் கூடாரம்

சென்ற ஆண்டு ஏப்ரல் இரண்டாம் தேதி, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். எங்கள் கட்டடத்தின் பின்முற்றத்துக் குழாயடியில் ஒரு பெண்மணி குத்துக்காலிட்டு அமர்ந்து, குழந்தை அணியும் மலையேற்றக் காலணி ஒன்றுக்குள் கரண்டியை விட்டு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். அது என்னவென்று கேட்காமல் நான் மாடியேறியிருக்கலாம், கேட்டுவிட்டேன்.

"முட்டைங்க சார். அவிச்ச முட்டை."

"ஷூவுக்குள்ளயா?"

"உடையாம இருக்கட்டும்னு உள்ள வச்சாங்களாம். வச்சவங்க மறந்துட்டாங்க. வெயில் மறக்கல."

தெருப்பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டென்ட் அக்கா. நாற்பதைத் தாண்டியவர். நெடுங்காலம் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். எங்கள் ஊரில் பேருந்து திரும்பும் முனையிலிருந்து காட்டுப்பாதை தொடங்குகிறது. விடுமுறை நாள்களில் செருப்புக் காலும் துணிப்பையுமாகக் குடும்பம் குடும்பமாக மலையேற வருவார்கள். விடுதியின் கம்பளிகளை இரவல் வாங்கிச் சென்று, சேற்றில் புரட்டித் திருப்பித் தருவார்கள். "சும்மா வாங்கினதாலதான் இப்படிப் பண்றாங்க, காசு குடுத்து எடுத்தா மரியாதையா வச்சுப்பாங்கன்னு நினைச்சேன்" என்று அவர் பின்னர் என்னிடம் சொன்னார். மனிதர்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கடைசி நல்லெண்ணம் அதுவாக இருக்கலாம்.

வேலையை விட்டபோது கிடைத்த தொகை முழுவதையும் கூடாரங்களிலும், தூங்கும் பைகளிலும், முதுகில் குழந்தையைச் சுமக்கும் கூடைகளிலும், காலணிகளிலும் போட்டு, அவற்றை மலையேறுபவர்களுக்கு வாடகைக்கு விட்டார். கணவர் தையல்காரர், கிழிசலும் ஜிப்பும் அவர் பொறுப்பு. எங்கள் கட்டடத்தின் தரைத்தள அறை வாடகைக்குக் கிடைத்தது. பேருந்து முனைக்கு அருகில், குழாயும் வெயில் விழும் முற்றமும் உள்ள அறை அது ஒன்றுதான். அந்த அறை இல்லையென்றால் தொழிலும் இல்லை.

வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை மாட்டினார்: 'பொருட்களைச் சுத்தமாகத் திருப்பித் தரவும்.' அதில் பிழையேதும் இல்லை. பேச்சுவழக்குதான் பகையாயிற்று. முதல் வாரமே ஒரு தகப்பனார், கோழி எலும்பு ஒட்டியிருந்த தரைவிரிப்பை மேசைமேல் போட்டுவிட்டு வாதாடினார்.

"சுத்தமா குடுத்துட்டோமேம்மா. ஆணி, கயிறு, பை, ஒண்ணு விடாம எண்ணிப் பாருங்க."

"நான் சொன்னது அழுக்கு இல்லாம."

"அப்ப அப்படி எழுத வேண்டியதுதானே."

'சுத்தமாக மறந்துவிட்டேன்' என்பவன் மறதியைக் கழுவித் துடைத்து வைத்தவன் அல்லன், முழுவதும் மறந்தவன். அந்தத் தகப்பனாருக்கும் சொல் அப்படித்தான் பொருள்பட்டது. பலகையில் 'அழுக்கின்றி' என்று மாற்றினார்கள். அடுத்து வந்த அம்மையார், "இது அழுக்கு இல்லீங்க, வெறும் மண்ணு" என்றார்.

மண்ணாவது கழுவினால் போகும். தூங்கும் பைக்குள் உரித்துப் போட்ட பழத்தோலும், குழந்தைக் கூடையின் பட்டையில் காய்ந்த வாந்தியும், காலுறைக்குள் இரத்தம் குடித்து உப்பிச் செத்த அட்டையும் நாள்தோறும் வந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள். பிள்ளைகளுக்கு இயற்கையின் மேன்மையைக் காட்டிவிட்டு இறங்கியவர்கள். தம் பிள்ளையின் மலத்தைப் பிறர் கையால் தொடவைப்பதில் அவர்களுக்குத் துளியும் கூச்சமில்லை. ஆகவே டென்ட் அக்கா ஒரு முறையை வகுத்துக்கொண்டார்: திருப்பித் தருபவர் நிற்கும்போதே கூடாரத்தை முற்றத்தில் முழுவதும் விரிப்பார், முகர்ந்து பார்ப்பார், அதன் பிறகே முன்பணத்தைத் திருப்பித் தருவார். அவர் முகர்வதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். நாற்றத்தைக் கொண்டுவந்தவர்களே சுளிப்பார்கள்.

அந்த முறையை அவர் ஒரே ஒருவருக்காகத் தளர்த்தினார். கட்டட உரிமையாளரின் மருமகன் அவர். குடும்பத்தோடு மலையில் தங்க, எட்டுப் பேர் படுக்கும் பச்சைக் கூடாரத்தை முன்பணம் இல்லாமல் எடுத்துச் சென்றார். "மாமாகிட்ட சொல்லிடாதீங்கக்கா. கைக்குழந்தையை மலைக்குக் கூட்டிட்டுப் போனேன்னு தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவார்" என்று கேட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது காரின் எஞ்சினை அணைக்கவே இல்லை.

"பிரிக்காதீங்கக்கா. உயிரைக் குடுத்து மடிச்சிருக்கேன். அப்படியே உள்ள வச்சிருங்க."

"ஒரு தடவை விரிச்சுப் பாத்துடறேன் தம்பி."

"என்னக்கா, நம்மளை நம்ப மாட்டீங்களா?"

வாடகை கொடுத்து இருக்கும் இடத்தில் உரிமையாளர் வீட்டு மாப்பிள்ளையை நம்பமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பை அப்படியே அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிற்று.

சில நாள்களில் நாற்றம் எழுந்தது. முதலில் செத்த எலி என்று எண்ணினோம். பிறகு அது படிக்கட்டு வரை ஏறிவந்தது. டென்ட் அக்கா தரையைக் கழுவினார், சாக்கடையைக் குத்திவிட்டார், காலணிகளை எல்லாம் வெயிலில் போட்டார்; பிரிக்கவேண்டாம் என்று சொல்லிப்போன பையை மட்டும் தொடவில்லை. மாடிக் குடித்தனங்கள் உரிமையாளரிடம் முறையிட்டன.

"வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?" என்று விசாரித்தேன்.

"யாரு சார்? என்னைக் கட்டினவரா, கட்டடத்தைக் கட்டினவரா?"

"ரெண்டாமவர்."

"மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகணும். இல்லைன்னா நான் போகணுமாம்."

கெடு முடியும் நாளில் உரிமையாளரே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார். அவர் பார்த்திருக்க, டென்ட் அக்கா அலமாரியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்தார். பச்சைக் கூடாரத்தின் பையைத் திறந்தபோதே தையல்காரர் ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தார். கொழகொழத்துப்போன துணியின் மடிப்புகளிலிருந்து குழந்தையின் அழுக்கு நாப்கின்கள் சுருள் சுருளாக உருண்டன. பால்புட்டியில் இருந்தது பச்சை நிறமாகியிருந்தது. எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புழுக்கள் அவசரமின்றி நெளிந்தன.

"சீ சீ. என்ன ஜென்மங்கம்மா இதுங்க" என்றார் உரிமையாளர். "மனுஷங்கதானா? யாரு குடுத்தது? பேரைச் சொல்லு."

"விடுங்க ஐயா. நான் கழுவிடறேன்."

"என்ன விடறது? பெத்தவங்க ஒழுங்கா வளத்திருந்தா இப்படியா இருக்கும்? அட்ரஸைக் குடு, நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். பேரைச் சொல்லும்மா, பேரை."

டென்ட் அக்கா குச்சியால் மடிப்பை விலக்கினார். உள்ளேயிருந்து ஓர் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா உருண்டு உரிமையாளரின் காலடியில் போய் நின்றது. மூடியைச் சுற்றிப் பூசணம் நுரைத்திருந்தது. அதன் நடுவே, மகளுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்த பாத்திரங்களில் எல்லாம் அவர் வெட்டச் செய்திருந்த பெயர், அவருடைய சொந்தப் பெயர், முதலெழுத்தோடு தெளிவாகத் தெரிந்தது.

கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது. அவர் குனிந்து அதைப் படித்தார். பிறகு தையல்காரரிடம் பழைய செய்தித்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, டப்பாவைச் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நல்ல டப்பா" என்றார். "கழுவினா ஆகும்." போய்விட்டார்.

அறையைக் காலி செய்யும் பேச்சு அதன்பின் எழவே இல்லை. வாடகையும் ஏறவில்லை. கூடாரம்தான் ஆகவில்லை, எத்தனை முறை ஊறவைத்தாலும் வெயில் பட்டதும் நாற்றம் எழுந்தது. கடைகளில் அந்த அளவில் புதிது வாங்கும் விலையை டென்ட் அக்கா சொன்னபோது நான் இன்னொரு முறை கேட்டுக்கொண்டேன். இத்தனைக்குப் பிறகும் மருமகன் மறுமாதமே வந்து, "அந்தப் பச்சை டென்ட் இருக்காக்கா? நல்லா காத்தோட்டமா இருந்துச்சு" என்று கேட்டார். இல்லை, கிழிந்துவிட்டது என்று டென்ட் அக்கா அனுப்பிவைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது உரிமையாளர் முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம், "சௌக்கியமாம்மா?" என்று தேன் ஒழுகக் கேட்கிறார். அந்தக் குரலைவிடப் புழுக்கள் மேல் என்று தோன்றும்.

"டென்ட் காசை அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன் டென்ட் அக்காவிடம். "எடுத்து வச்சுடுவார்."

"கேட்டா குடுத்துடுவார் சார், அதான் பயம்." அவர் ஒரு தூங்கும் பையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து, தூர எறிந்தார். "குடுத்துட்டா கணக்கு தீந்துரும். அடுத்த மாசமே ரூமைக் காலி பண்ணுன்னு வந்து நிப்பார்."

அந்தக் கூடாரத்தின் விலையை உரிமையாளர் இன்றுவரை தரவில்லை. டென்ட் அக்கா கேட்கவும் இல்லை.