நான் சோதித்துக் கொடுத்த படம்

குழந்தைகளின் கார்ட்டூன் படங்களில் கெட்ட சேதிகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று என் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். மேகத்துக்குள் ஆபாச எழுத்தாம், கோட்டைக்குப் பின்னால் பேய் உருவமாம். நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. ஆறு வயது மகள் பார்க்கும் படங்களையெல்லாம், குளத்தூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சந்தேகமானதையெல்லாம் போனிலிருந்து அழித்தேன்.

ஒரே ஒரு படம் தேறியது. பனிமலையில் வாழும் நரிக்குட்டியின் கதை. கடைசியில் தாய் நரி செத்துக் கிடக்கும். குட்டி அழ, கண்ணீர் முகத்தில் பட்டதும் தாய் கண் திறக்கும். உண்மையான பாசம் போன உயிரையும் கொண்டுவரும் என்று ஒரு குரல் சொல்லும். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மகள் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அந்த வருஷமே என் கணவர் போய்விட்டார். வயலில் மோட்டார் போடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கோ சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

மகள் பதறவே இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, மூடியத் தெறக்கச் சொல்லும்மா. எல்லாரும் கண்ணாடி மேல அழுவுறாங்க. அப்பா மேல படவே இல்ல."

புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. நான் மேகத்தில் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளை படம் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.

குளிப்பாட்டப் பெட்டியைத் திறந்தார்கள். யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய் அப்பாவின் முகத்தின்மேல் குனிந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இமைகளையே பார்த்து நின்றாள். என் அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். "இருங்க மாமா, கொஞ்சம் இருங்க" என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது.

அதன்பின் அவள் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவ்வளவு மடச்சி நான்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் தலை பின்னிவிடும்போது பேச்சுவாக்கில், "அப்பா ஒம்மேல உசுரையே வச்சிருந்தாங்க" என்றேன்.

"நாந்தாம்மா சரியா வைக்கல" என்றாள். "அன்னைக்குக் காலையில வண்டியில கூட்டிட்டுப் போகலன்னு அப்பாட்ட பேசாம இருந்தேன். அதான் நா அழுதும் அப்பா எந்திரிக்கல."

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை, இந்தப் பழியை இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள். அது வெறும் கதை கண்ணு, அப்படியெல்லாம் யாரும் எழுந்து வரமாட்டார்கள் என்று அவளைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதம்மா. இப்ப அழுதா ஒண்ணும் ஆவாது."