மணிக்கட்டில் கேட்ட அழுகை

தையல்காரிக்கு மின்சாரத்தில் தெரிந்ததெல்லாம் அவள் மெஷினின் மோட்டார் மட்டும்தான். மக்கர் பண்ணினால் தட்டிப் பார்ப்பாள். ஓடாவிட்டால் திட்டிப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் வயர் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கையில் எடுத்தது நாத்தனாரின் கைக்குழந்தைக்காக.

ஒரு காய்ச்சல் நாத்தனாரின் காதுகளைக் கொண்டுபோயிருந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கணவனுக்குக் கப்பலில் வேலை என்பதால் குழந்தையோடு அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒரு மத்தியானம் தையல்காரி கடைக்குப் போய்த் திரும்பியபோது, குழந்தை அழுதழுது தொண்டை கட்டிக் கிடந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த தாய்க்கு எதுவும் தெரியவில்லை. விஷயம் புரிந்ததும் குழந்தையை அள்ளிக்கொண்டு, "பக்கத்துலயே இருந்தும் இல்லாத மாதிரிதானே அண்ணி நான்?" என்றாள்.

அந்த வார்த்தை தையல்காரியைச் சும்மா இருக்கவிடவில்லை. போனில் தேடித் தேடி ‘பிரிச்சு மேய்வோம்’ என்ற குழுவில் போய் விழுந்தாள். பழைய ரேடியோ, மின்விசிறி, பொம்மை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் புதிதாக ஏதாவது செய்கிறவர்களின் கூட்டம் அது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. குழந்தை அழுதா அம்மா கையில அதிரணும். முடியுமா?" என்று எழுதினாள்.

"முடியும்" என்று முதலில் பதில் போட்டவர் புகை மாஸ்டர். தொட்டதெல்லாம் புகைந்ததால் வந்த பட்டப்பெயர். "பழைய செல்போனைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அதுக்குள்ள அதிர்ற மோட்டார் இருக்கு." ஒருவர் படம் வரைந்து போட்டார். இன்னொருவர் தன்னிடம் சும்மா கிடந்த, சத்தத்தைப் பிடிக்கிற சின்ன மின்பலகையைத் தபாலில் அனுப்பிவைத்தார். தையல்காரி விரலைச் சுட்டுக்கொண்டாலும் விடாமல், எல்லாவற்றையும் மணிக்கட்டில் கட்டுகிற ஒரு துணிப்பட்டைக்குள் வைத்துத் தைத்தாள்.

பட்டை எதற்கெடுத்தாலும் அதிர்ந்தது. மெஷின் ஓடினால், கதவு சாத்தினால், அவள் கணவன் தும்மினால்கூட.

"என் தும்மலை இவ்வளவு மதிச்சது இது ஒண்ணுதான்" என்றான் அவன்.

அவள் எடுத்துப் போட்ட வீடியோவைப் பார்த்த குழுவும் விழுந்து விழுந்து சிரித்தது. தையல்காரிக்கு முகம் சுண்டிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அதை எடுத்தவள் நாத்தனார். "சிரிச்சது போதும்" என்று தொடங்கி விறுவிறுவென்று எழுதினாள். "தும்மல் ஒரே உதறல். குழந்தை அப்படி இல்ல. நீளமா அழும், மூச்சு வாங்க நிறுத்தும், மறுபடி அழும். எனக்குக் கேக்காது. ஆனா அது நெஞ்சு ஏறி இறங்கறதைத்தான் எந்நேரமும் பாத்துட்டிருக்கேன்."

குழுவில் கம்ப்யூட்டர் நிரல் எழுதத் தெரிந்த ஒரு பெண், "இதுதான்க்கா எங்களுக்குத் தோணாம போச்சு" என்று அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே மின்பலகைக்குப் புரிகிற கணக்காக்கி அனுப்பினாள்.

அடுத்தமுறை கணவன் தும்மினான், பட்டை அசையவில்லை. குழந்தை உள்ளறையில் சிணுங்கி அழத் தொடங்கியதும், சமையலறையில் நின்ற நாத்தனார் மணிக்கட்டைப் பார்த்தாள், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

இப்போது எங்கெங்கோ இருக்கும் காது கேளாத தாய்மார்கள் குழுவில் பட்டையின் வெட்டு அளவு கேட்டு எழுதுகிறார்கள். அதற்குத் தையல்காரி பதில் சொல்கிறாள். மற்ற சந்தேகங்களெல்லாம் நாத்தனாருக்கு. வீட்டு விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்து சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தவள் அவள். எல்லோரும் எழுதியே பேசும் அந்தக் கூட்டத்தில் அவள் வாயை யாராலும் அடைக்க முடியவில்லை.

"யாரைம்மா இந்தப் போடு போடற?" என்றாள் தையல்காரி ஒரு நாள், அவள் முன்னால் போய் நின்று.

"புதுசா ஒருத்தர், அண்ணி. வயரை மாத்திக் குடுத்துட்டு வேலை செய்யலங்கறார். இருங்க, இவரை ஒரு வழி பண்ணிட்டு வரேன்."