ஓடை நடுவில் இறக்கிய வேட்டி

என் கணவர் கல்யாண வீடுகளுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி கட்டிக்கொண்டு வருவார். இடுப்பைச் சுற்றிச் சர்ரென்று ஒட்ட வேண்டியது, அதிலுள்ள பையில் போனைப் போட வேண்டியது, அவ்வளவுதான் வேலை. நான் குறை சொல்லவில்லை. அவிழ்ந்து மானம் போகாது. ஆனால் அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்கும்போதெல்லாம், குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து ஓடைதான் எனக்கு ஞாபகம் வரும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டுவதை நான் வாயைப் பிளந்து பார்த்த காலம் ஒன்று உண்டு. குனியவே மாட்டார். நடந்தபடியே குதிகாலால் கீழ்க்கரையை ஒரு எத்து எத்துவார். மேலே வந்ததைக் கை பிடித்துக்கொள்ளும். அடுத்த எட்டு வைப்பதற்குள் வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கும். நானும் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு எத்திப் பார்த்துக் குப்புற விழுந்திருக்கிறேன்.

மடித்துக் கட்டியதை இறக்கிவிடுவதும் ஒரு வித்தைதான். பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும். அவர்கள் முன்னால் முழங்கால் தெரிய நிற்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தாத்தா விட்டுப்போன தோட்டத்தை ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்கு, இந்தப் பக்கம் தம்பிக்கு என்று பிரித்திருந்தார்கள். மண்ணைப் பிரித்தவர்களால் தண்ணீரைப் பிரிக்க முடியவில்லை. யார் எந்த இடத்தில் ஹோஸ் போடுவது என்று தொடங்கிய சண்டையில், நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டது. போடிக் கடைத்தெருவில் பெரியப்பா எதிரே வந்தால் எங்களைப் பார்க்காத மாதிரியே வருவார். அப்பாவும் பார்க்காத மாதிரியே போவார். ஆனால் கையில் என்ன சுமை இருந்தாலும் அதை இடுக்கிக்கொண்டு, வேட்டியை இறக்கிவிட்டுத்தான் போவார். அவர் கடந்ததும் மறுபடி ஒரு எத்து.

“மூஞ்சியப் பாத்துப் பேசாதவுகளுக்கு எதுக்காம் இம்புட்டு மரியாத?” என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

“அது வேற, இது வேற. நீ ஒன் சோலியப் பாரு” என்றார் அப்பா.

ஏலக்காய் முதல் எடுப்புக்கு முன்னால் தோட்டத்துக் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்க வேண்டும். கன்னிமார் இருந்த மரத்தடி பெரியப்பா பக்கம் போய்விட்டது. சாமியைப் பிரிக்கும் தைரியம் மட்டும் இருவருக்கும் வரவில்லை. அதனால் காலையில் பெரியப்பா கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார், மதியத்துக்கு மேல் நாங்கள் போவோம். இதை யாரும் பேசி வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அதுவாகவே அப்படி நடந்துவந்தது.

எனக்கு எட்டு வயது இருக்கும். அன்று அப்பாவும் நானும் மட்டும் ஜீப்பில் போய் இறங்கினோம். தோட்டத்தில் எப்போதும் கைலி கட்டும் அப்பா, சாமி காரியம் என்பதால் கஞ்சி போட்டுத் தேய்த்த எட்டு முழ வேட்டி கட்டியிருந்தார். மேலே நல்ல மழை போலிருக்கிறது. வழக்கமாகக் கணுக்கால் நனையும் ஓடை, செம்மண் நிறத்தில் முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கீழே அது பாறையிலிருந்து பள்ளத்தில் விழும் இரைச்சல் கேட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, என்னைத் தோளில் தூக்கி அக்கரையில் இறக்கினார்.

“ஆத்தா, இங்கனயே நில்லு. நகரப்படாது. பொங்கப் பானைய எடுத்துக்கிட்டு வெரசா வந்துர்றேன்.”

பானையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் ஓடையின் நடுவுக்கு வந்தபோது, எனக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் பெரியப்பா. மழைக்கு ஒதுங்கி நேரமாகிவிட்டது போல. தேங்காய்ப் பையும் அரிவாளுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.

அப்பா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். ஒரு கை பானையில் இருந்தது. இன்னொரு கை, கடைத்தெருவில் போவது போலவே, தானாக இடுப்புக்குப் போனது. வேட்டியை இறக்கிவிட்டார்.

ஓடைக்கு மரியாதை தெரியுமா என்ன? இரண்டு சுற்றுத் துணியையும் தண்ணீர் ஒரே பிடியாகப் பிடித்து அவர் காலோடு சுற்றியது. பானை போனது. அப்பா விழுந்து, கொஞ்ச தூரம் உருண்டு, ஒரு பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் குடித்த வேட்டி அவரைப் பள்ளத்தை நோக்கி இழுத்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை.

“டேய்! வேட்டிய அவுத்து விடுடா! அவுத்துத் தொலைடா, இழுக்குதுல்ல!”

பெரியப்பா அப்பாவிடம் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

“நீங்க நிக்கிறீகளேண்ணே!” என்றார் அப்பா, வாயில் தண்ணீரோடு.

பெரியப்பா பையையும் அரிவாளையும் கரையில் போட்டார். தன் வேட்டியை ஒரே உருவாக உருவினார். ஊரே எழுந்து வழிவிடும் மனிதர், பட்டாபட்டி டிரவுசரோடு ஓடையில் இறங்கினார். வேட்டியை முறுக்கி ஒரு முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கரை மரத்தை மறு கையால் வளைத்துப் பிடித்து, வீசினார். முதல் வீச்சு எட்டவில்லை. அடுத்த வீச்சில் அப்பாவின் கைக்கு அகப்பட்டது. துணி கயிறாக விறைத்தது. இப்போது கிழியும், இப்போது கிழியும் என்று பார்த்தபடியே நின்றேன். கிழியவில்லை. காலையில் கொடியில் காய்கிற, ஊதினால் பறக்கிற துணி, ஒரு முழு மனிதரை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது. கன்னிமாரே மறு முனையைப் பிடித்திருக்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன்.

அப்பாவின் வேட்டி தானாக அவிழ்ந்து பள்ளத்தில் போய்விட்டது. டிரவுசரோடு நின்ற இருவரையும் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை பெரிய ஆட்களாக அவர்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பெரியப்பா ஈர வேட்டியை இரண்டாக மடித்து அளந்தார். நடுவில் அரிவாளால் ஒரு கீறு போட்டு, பர்ரென்று கிழித்தார். ஆளுக்கு நாலு முழம். தகராறே இல்லாமல் அவர்கள் பிரித்துக்கொண்ட சொத்து அது ஒன்றுதான். அப்பா கட்டிக்கொண்டு முடிக்கும்வரை பெரியப்பா திரும்பி நின்றார். பிறகு அந்தப் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மேல போயி ஒடச்சுட்டு வரச் சொல்லு” என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இனி எல்லாம் சரியாகிவிடும், பெரியப்பா வீட்டில் போய் விளையாடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அடுத்த சந்தையிலேயே அது பொய்த்தது. அவர் பார்க்காத மாதிரி வந்தார், இவர் இறக்கிவிட்டுப் போனார்.

மறு வருஷமும் மழை. ஓடை அதே முழங்கால் அளவுக்கு ஓடியது. நாங்கள் போனபோது பெரியப்பா அக்கரையில்தான் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்ததும் சட்டென்று திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அந்த மலையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கினார். வேட்டியை இறக்கவில்லை. மடித்துக் கட்டியபடியே, நிதானமாகக் காலை ஊன்றி ஊன்றி நடந்தார்.

“பெரியப்பாவுக்கு இன்னுமாப்பா கோவம் தீரல?” என்று கேட்டேன்.

“சும்மா வாத்தா” என்றார். என் கால்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த எட்டு வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி, திரும்பி நின்ற அந்த முதுகுக்கு அக்கரை சேரும்வரை நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டிக்கொண்டே போனேன்.