போன் அக்கா லைனில் இருக்கிறார்

எங்கள் வானொலி நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தும், ஒரு நாள்கூட ஒலிபரப்பில் கேட்காத குரல் போன் அக்காவுடையது. மதியம் இரண்டு மணி நேயர் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை முதலில் எடுப்பவர் அவர்தான். பதறுகிறவரை அமைதிப்படுத்தி, வளவளக்கிறவரை ஒரு வழிக்குக் கொண்டுவந்து, "ரேடியோவ அணைச்சுட்டீங்களா? மூணு, ரெண்டு, ஒண்ணு, பேசுங்க" என்று அறிவிப்பாளருக்கு இணைத்துவிடுவார். நான் உடனே அக்காவின் லைனை மூடிவிடுவேன். அதற்கப்புறம் புகழெல்லாம் அறிவிப்பாளருக்கு. அந்த மனிதர் வணக்கம் சொல்லவே அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். நான் ஒலிப்பதிவாளன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

போன வருடம் அழைப்புகள் வற்றிப்போயின. விடாமல் கூப்பிட்டவர்கள் ஒன்பதே பேர். ஒன்பது பேரும் என்னென்ன மாத்திரை போடுகிறார்கள் என்பதுகூட அக்காவுக்கு அத்துப்படி. தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நிகழ்ச்சி இணையத்தில் கேட்கும் பாட்காஸ்டாக மாறி இளைஞர்களைப் பிடிக்க வேண்டுமாம். தொலைபேசிப் பிரிவு இனித் தேவையில்லை, மூன்று மாதத்தில் மூடிவிடலாமாம். தொலைபேசிப் பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அக்கா. அவர் கணவர் முதுகு போய்ப் படுத்திருக்கிறார், பையன் கல்லூரியில் படிக்கிறான். எனக்கு வந்ததே கோபம்! அக்கா கடிதத்தைப் படித்து, மடித்து, "மூணு மாசம் இருக்குல்ல" என்றார்.

அறிவிப்பாளர் தன் வெண்கலக் குரலில் முக்கால் மணி நேரம் பேசி ஒரு பாட்காஸ்ட் போட்டார். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் ஏழு பேர் நாங்கள்.

உங்கள் பிரச்சினையைக் குரல் செய்தியாக அனுப்புங்கள் என்று அறிவித்தோம். வந்தவற்றைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று அறிவிப்பாளர் தள்ளிவிட்டார். அக்காவால் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்பினார். ஒரு பையன் சொல்லியிருந்தான்: நான்கு மாதமாக அவன் வாடகை அறையின் கூரை ஒழுகுகிறது, தலையணைப் பக்கத்தில் வாளி வைத்துத் தூங்குகிறான், வீட்டுக்காரருக்கு இருபது செய்தி அனுப்பியும் அவர் பார்க்கவில்லை.

"போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே தம்பி?"

"பயமா இருக்குக்கா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீட்டில் என் மகளிடம் சொன்னால் அவள் சிரிக்கவே இல்லை. "எங்க பிரெண்ட்ஸ் எல்லாருமே அப்படித்தான்பா. போன் அடிச்சா, அது நிக்கற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்போம்."

மறுநாள் அக்காவிடம் இதைச் சொன்னேன். அப்படியா சங்கதி என்று அந்தப் பையனுக்கு உடனே செய்தி அனுப்பினார்: "நான் லைன்ல கூட இருக்கேன். பேசுறியா?"

பையன் சரி என்றதும் இணைத்தார், நான் பதிவு செய்தேன். மூன்று, இரண்டு, ஒன்று எண்ணினார். வீட்டுக்காரர் எடுத்தார். பையன் வாயடைத்துப் போனான். இந்த இடத்தில்தான் நான் சொதப்பினேன். பாட்காஸ்டுக்கென்று வாங்கிய புது ஒலிப்பதிவுப் பெட்டியில் எந்தப் பொத்தான் எதற்கு என்று தடுமாறியதில் அக்காவின் லைனை மூட மறந்துவிட்டேன்.

"வாளி... வாளியச் சொல்லு" என்று அக்கா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

"யாருப்பா அது?" என்றார் வீட்டுக்காரர்.

"அக்கா சார்."

"உனக்கு ஏதுப்பா அக்கா?"

"இப்பதான் சார் கிடைச்சாங்க."

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே ஆள் அனுப்பிக் கூரையைச் சரிசெய்தார். ஒலிபரப்பச் சம்மதம் கேட்டதற்கு, "தாராளமா போடுங்க" என்றார். வீட்டில் உட்கார்ந்து நான் அக்காவின் குரலை வெட்டப் போனேன். என் மகள் விடவில்லை. "அத வெட்டுனா என்னப்பா மிச்சம் இருக்கு?"

வெட்டாமல் போட்டோம். ஒரே வாரத்தில் நாலாயிரம் பேர் கேட்டார்கள். அதற்கப்புறம் செய்திகள் கொட்டின. மருத்துவரிடம் நேரம் கேட்கப் பயந்தவள், வேலை கிடைத்ததா என்று விசாரிக்கப் பயந்தவன், எல்லோருக்கும் அக்கா லைனில் இருந்தார். படிப்பைப் பாதியில் விட்டதை எட்டு மாதமாக மறைத்திருந்த ஒருவன் அப்பாவை அழைத்தான். அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, "சரி, எப்ப வீட்டுக்கு வர்றே?" என்றார். நான் அழுதுவிட்டேன், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மூன்றாம் மாதக் கடைசியில் வாரத்துக்கு முப்பத்தெட்டாயிரம் பேர் கேட்டார்கள், முக்கால்வாசிப் பேர் முப்பதைத் தாண்டாதவர்கள். ஆனாலும் தொலைபேசிப் பிரிவை மூடும் உத்தரவு அப்படியே இருந்தது. அன்று மாலையோடு அக்காவுக்கு வேலை இல்லை. நான் மேலாளர் அறைக்குள் புகுந்து கத்தினேன்.

"தலைமை அலுவலகத்துக்கு நாலு மின்னஞ்சல் போட்டுட்டேன்யா, பதிலே இல்ல" என்றார்.

"போன் பண்ணிப் பேசுங்க சார்!"

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர் எழுந்து, நடைபாதையைக் கடந்து, அக்காவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இயக்குநர்கிட்ட பேசணும். நீங்க கொஞ்சம் லைன்ல இருக்கீங்களாம்மா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காதில் கருவியை மாட்டிக்கொண்டு எண்களை அழுத்தினார். "மூச்சு விடுங்க சார். மூணு, ரெண்டு, ஒண்ணு, பேசுங்க."

இயக்குநர் எடுத்தார். மேலாளருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குள் என் இடத்துக்கு ஓடியிருந்த நான் அக்காவின் லைனைத் திறந்தே வைத்தேன், இந்த முறை தெரிந்தேதான்.

"முப்பத்தெட்டாயிரம்... அதச் சொல்லுங்க" என்றார் அக்கா மெல்ல.

"யார் அது?" என்றார் இயக்குநர்.

மேலாளர் நிமிர்ந்தார். "தொலைபேசிப் பிரிவு சார். நீங்க மூடச் சொன்னீங்களே, அவங்கதான். முப்பத்தெட்டாயிரம் பேர் இவங்களுக்காகத்தான் கேக்கறாங்க. இவங்கள அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க சார்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. மேலாளர் திரும்பி அக்காவைப் பார்த்தார். பொறுங்கள் என்று அக்கா கையைக் காட்டினார்.

"இத நீங்க முதல்லயே போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே" என்றார் இயக்குநர். "உத்தரவ ரத்து பண்றேன். அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்றார் அக்கா. "இன்னும் ரெண்டு ஆள் வேணும்."