மாடிப்படித் திருப்பம்

கோழிக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ரைஹானத் இத்தாவும் (அக்காவை அங்கே இத்தா என்பார்கள்) நானும் தீயணைப்பு நிலையத்தில் மீட்புப் பயிற்சிக்குச் சேர்ந்தோம். முதல் நாளே பயிற்சியாளர் சுதாகரன் சார், இத்தாவை நோயாளியாக ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார். "மாடியிலேருந்து கீழே கொண்டு வாங்க. எப்படின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

குறுகலான படியின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. நாங்கள் அதைப் படியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கினோம். இத்தா அலறினார். "எறக்குங்கடா! உசுரோட இருக்கிறவளையும் கொன்னுடுவீங்க போல!"

எங்களோடு பயிற்சிக்கு வந்த பாபுராஜ், கயிறு கட்டி இறக்கலாம் என்றான். நான் ஸ்ட்ரெச்சரை நிமிர்த்தலாம் என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் இத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"படுத்துப் பாத்தவ சொல்றேன். எங்க கொண்டு போறாங்கன்னு தெரியாம மல்லாக்கக் கிடக்கறதுதான் பயம். உக்கார வச்சுத் தூக்குங்க."

பாபுராஜ் நாற்காலி கொண்டு வந்தான். நான் துப்பட்டாவால் அவரை அதோடு கட்டினேன். திருப்பத்தில் நாற்காலி சுலபமாகத் திரும்பியது. பிறகு நாங்களும் ஆளுக்கொரு தடவை நோயாளியாகிப் பார்த்தோம்.

அடுத்த மழையில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. நடக்க முடியாத கிழவர் குஞ்ஞிராமன் ஒரு மாடியில் மாட்டிக்கொண்டார். அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினோம்; இத்தாவே முன்னால் பிடித்தார்.

"குஞ்ஞிராமேட்டா, இப்போ இடது பக்கம் திரும்புறோம். பயப்படாதீங்க" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டு, ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லியே இறக்கினார்.

படகில் அமர்ந்ததும் கிழவர் மகளிடம் கேட்பதுபோலக் கேட்டார்: "மோளே, நீ எந்த ஆஸ்பத்திரி நர்ஸு?"

"நர்ஸெல்லாம் இல்ல ஏட்டா, தையக்காரி. இவங்க என் கூட்டாளிங்க" என்று எங்களைக் காட்டினார் இத்தா. நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த நாங்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம்.